கல்லூரியில் ரத்தசோகை முகாம்: ஒருநாள் கூத்தாக இல்லாமல் நடத்துவது எப்படி?

வண்ணை_என்எஸ்எஸ் கேட்டது:

வணக்கம். வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி, இரண்டு ஷிஃப்ட். மாணவிகள் சுமார் 600 பேர், மாணவர்கள் 250 பேர். ஜூலையில் "நலவாழ்வு விழிப்புணர்வு" என்று ஏதாவது நடத்தச் சொல்லி நிர்வாகம் கேட்டிருக்கிறது. வழக்கமாக நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சிறப்பு விருந்தினர், பொன்னாடை, ஃப்ளெக்ஸ், ஒன்றரை மணி நேரப் பேச்சு, குரூப் ஃபோட்டோ, டீ, மிக்சர். இந்த முறை ஒரே ஒரு விஷயத்தை எடுத்து உருப்படியாகச் செய்யலாம் என்று பார்க்கிறேன். ரத்தசோகை. முதல் ஷிஃப்ட் பிள்ளைகளில் பலர் டீயும் பன்னுமாக வந்து உட்காருகிறார்கள், 11 மணிக்கு மேசையில் தலை சாய்ந்துவிடுகிறது.

என் சந்தேகங்கள் இவை. 850 பேருக்கும் ஒரே நாளில் ஹீமோகுளோபின் பார்த்துவிட முடியுமா, எத்தனை மேசை வேண்டும்? குறைவாக வந்தவர்களை அப்புறம் என்ன செய்வது, மாத்திரையை நாங்களே கொடுக்கலாமா? சாப்பாட்டு வகுப்பில் பேரீச்சை, பீட்ரூட், மாதுளை என்று சொல்லி முடித்துவிடலாமா? கடைசியாக, மனநலம், தூக்கம், போதைப்பொருள் எல்லாவற்றையும் இதே நாளில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? கையில் என்எஸ்எஸ் தொண்டர்கள் 100 பேர் இருக்கிறார்கள்.

விரல்நுனி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரே நாளில் முடியாது, முயற்சியும் செய்யாதீர்கள்.

ஒரு பெண் வந்து உட்கார்ந்து, பெயர் எழுதி, விரலைத் துடைத்து, காயவிட்டு, குத்தி, எடுத்து, கருவியில் வைத்து, எண்ணை எழுதி, பஞ்சு வைத்து எழுந்து போக 3 நிமிடம். மேசைக்கு மணிக்கு 20 பேர். மூன்று மேசை போட்டால் 60. காலை 9.30 முதல் 12.30 வரை 180 பேர். ஆக 850 பேருக்கு ஐந்து நாள். துறைவாரியாகப் பிரித்துக்கொண்டால் வகுப்பும் கெடாது, வரிசையும் நீளாது. ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கடைசி 300 பேரின் அளவீடு குப்பைதான். குத்துபவர் கை சோர்ந்திருக்கும், அவசரத்தில் விரலைப் பிழிவார்கள்.

பிழிவதுதான் எல்லாத் தப்புக்கும் தாய். விரலை அழுத்திப் பிழிந்தால் ரத்தத்தோடு திசுநீரும் சேர்ந்து வரும், அளவு குறைத்துக் காட்டும். ஹீமோகுளோபின் 12.4 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை கிராம் என்ற கணக்கு) இருக்கும் பெண் 11.6 என்று போவாள், தேவையில்லாமல் பயப்படுவாள். கை ஜில்லென்று இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் வைக்கச் சொல்லுங்கள், அல்லது கையைத் தொங்கவிட்டு உதறச் சொல்லுங்கள். மோதிர விரல் அல்லது நடுவிரல், நுனியின் நட்ட நடுவில் இல்லாமல் சற்றே பக்கவாட்டில். அந்த விரலில் மோதிரம் இருந்தால் வேறு விரல். ஸ்பிரிட் ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகுதான் குத்தணும், ஈரம் கலந்தாலும் அளவு குறையும். முதலில் வரும் இரண்டு மூன்று சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டு தானாகப் பெருசாகும் வரை பொறுங்கள். க்யூவெட்டின் (ரத்தத்தை ஏற்றிக் கருவிக்குள் வைக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு) முனையை அந்தச் சொட்டில் வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஒரே மூச்சில் நிறையணும். பாதி நிறைந்ததை எடுத்துவிட்டு மறுபடி தொட்டு நிரப்பினால் உள்ளே காற்றுக்குமிழ் நிற்கும், அளவு தப்பும். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், நடுவில் குமிழ் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று. வெளிப்பக்கம் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்கும்போது திறந்த முனையில் பஞ்சு படக்கூடாது, உள்ளே இருப்பதை அது இழுத்துவிடும்.

நம்ம ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கடற்காற்றின் ஈரம். சில மாடல்களின் க்யூவெட்டில் உள்ள ரசாயனம் ஈரம் பட்டால் கெட்டுவிடும். டப்பா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள், மதியத்துக்குள் அளவுகள் தாறுமாறாகும். ஒன்று எடுத்தால் உடனே மூடி. டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். வெப்பமும் அப்படித்தான். 30 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்று சில மாடல் உறையிலேயே இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை செமினார் ஹால் வேண்டாம், தரைத்தள நூலகம் நல்லது.

கழிவு: லான்செட் (விரலைக் குத்தும் சிறு ஊசி) ஒருவருக்கு ஒன்று, குத்தியவுடன் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் பிளாஸ்டிக்கும் சிவப்பில். 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். கல்லூரிக் குப்பைத்தொட்டியில் ஒரு லான்செட் கிடந்தாலும் மறுநாள் காலை குத்துப்படுவது துப்புரவு அக்கா கை. பைகளை யார் எடுத்துப் போகிறார்கள் என்பதை முகாமுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வார்டு_அக்கா எழுதியது:

மேடம், ரெண்டாவது கேள்வியைத்தான் நீங்க முதல்ல கேட்டிருக்கணும். மாத்திரைக்கு வழி தெரியாம ஒரு விரலைக்கூடக் குத்தாதீங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15-லேருந்து 49 வயசு வரைக்குமான பொண்ணுங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உங்க 600 பேர்ல 300 பேர்னு வச்சுக்குங்க. லேசான, நடுத்தர சோகைக்கு அரசுத் திட்டத்துல சொல்றது தினம் 2 மாத்திரை, 3 மாசம். ஆளுக்கு 180. மொத்தம் 54,000 மாத்திரை. முதல் மாசத்துக்கு மட்டும் 18,000. முகாமுக்கு முந்தின நாள் போய் ஆரம்ப சுகாதார நிலையத்து பார்மசிஸ்ட்கிட்ட இதைக் கேட்டீங்கன்னா அவர் என்ன பண்ணுவார் பாவம்?

அதனால இப்பவே உங்க காலேஜ் எந்த மண்டலத்துல வருதோ, தண்டையார்ப்பேட்டையா, ராயபுரமா, திருவொற்றியூரா, அந்த மாநகராட்சி மண்டல மருத்துவ அதிகாரிக்கு முதல்வர் கையெழுத்தோட கடிதம் கொடுங்க. மொட்டையா "முகாம் நடத்த உதவி தேவை"ன்னு எழுதினா அது ஃபைல்ல தூங்கும். எத்தனை பேர், எந்தெந்தத் தேதி, எத்தனை மாத்திரை, டாக்டர் எத்தனை மணி நேரம் வேணும், எல்லாம் நம்பரா இருக்கணும். பரிசோதனை, மருந்துச்சீட்டு, மருந்து மூணும் அவங்க கையில. உங்க தொண்டர்கள் வரிசை, பதிவேடு, பின்தொடர்றது, அவ்வளவுதான். மாத்திரையை நீங்களா பிரிச்சுக் கொடுக்காதீங்க.

எல்லைக்கோடு: பொண்ணுங்களுக்கு 12-க்குக் கீழ இருந்தா சோகை. 11 முதல் 11.9 லேசு, 8 முதல் 10.9 நடுத்தரம், 8-க்குக் கீழ கடுமை. பசங்களுக்கு 13-க்குக் கீழயே சோகை ஆரம்பிச்சுடுது. கடுமைன்னு வந்தா மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புற வேலையே கிடையாது. அன்னைக்கே ஒரு ஆள் துணையோட ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு. "நாளைக்கு அம்மாவோட போறேன்"னு சொல்லும், போகாது.

மாத்திரை ஒவ்வொண்ணுலயும் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். 19 வயசு வரைக்கும் நீலம், 20-லேருந்து சிவப்பு. ஒரே பெஞ்சுல ரெண்டும் வரும், "அவளுக்கு மட்டும் ஏன் வேற கலரு, அது ஸ்ட்ராங்கா?"ன்னு நிச்சயமா கேள்வி வரும். உள்ள இருக்குறது ஒண்ணுதான்னு முன்னாடியே சொல்லிடுங்க.

பாதியில நிறுத்துறது எங்கன்னா முதல் பத்து நாள்லதான். குமட்டும், வயிறு புடிக்கும், மலம் கறுப்பாப் போகும். இந்தக் கறுப்பை யாரும் சொல்லித்தர்றதில்ல, வெக்கம். அந்தப் பொண்ணு உள்ளுக்குள்ள ரத்தம் போகுதுன்னு பயந்து ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுடும். மைக்ல பேசும்போதே "கறுப்பாப் போகும், அது இரும்புதான், பயப்படாதீங்க"ன்னு பட்டுனு சொல்லிடுங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா குமட்டல் குறையும். கால்சியம் மாத்திரை சாப்பிடுறவங்க அதை வேற வேளைக்கு மாத்திக்கணும்.

இன்னொண்ணு, எந்தக் காரணத்தைக் கொண்டும் வகுப்புல நிக்க வச்சு எல்லாரையும் ஒண்ணா முழுங்க வைக்காதீங்க. வெறும் வயித்துல ஒருத்தி வாந்தி எடுத்தா அடுத்த அரை மணி நேரத்துல பத்துப் பேருக்குத் தலை சுத்தும். சாயங்காலம் டிவி வேன் வாசல்ல நிக்கும். திட்டம் அதோட சரி.

30-வது நாள் மறுபடி விரல்ல பாருங்க. ஒரு மாசத்துல 1 கிராமாவது ஏறணும். ஏறலேன்னா முதல்ல திட்டாம கேளுங்க, நிஜமா சாப்பிட்டியா? அப்புறம் மாதவிடாய். 7 நாளுக்கு மேல போகுதா, ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒரு தடவை நாப்கின் முழுசா நனையுதா, கட்டி கட்டியா போகுதான்னு கேளுங்க. ஆமான்னா இரும்பு மட்டும் போட்டுப் புண்ணியமில்ல, பெண்கள் நல டாக்டரைப் பாக்கணும். ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. அளவு ஏறிடுச்சுன்னு மாசத்துலயே நிறுத்தவும் கூடாது. 3 மாசம் முடிச்சுட்டு அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு.

பூச்சி மாத்திரையையும் சேத்துக்குங்க. தேசிய குடற்புழு நீக்க நாள் வழக்கமா பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. ஜூலைல ஆரம்பிச்சா சரியா வந்து விழும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், சாப்பிட்டுட்டு, மென்னு முழுங்கணும்.

கல்மண்டபம் எழுதியது:

விரலைக் குத்தும் இந்த வேலையே எதற்கு? எல்லோருக்கும் நரம்பில் ரத்தம் எடுத்து முழு ரத்தப் பரிசோதனை செய்தால் ஒரே தடவையில் எல்லாம் தெரிந்துவிடுமே. பாதி முகாமில் கருவி சொல்வதை நம்ப முடிவதில்லை.

விரல்நுனி எழுதியது:

நம்பகத்தன்மை பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் 850 பேருக்கு நரம்பில் எடுக்க ஆள், டியூப், ஆய்வகம் எதுவும் கிடைக்காது, பிள்ளைகளும் ஓடிப்போவார்கள். விரல் சோதனை சல்லடை, அவ்வளவுதான். சல்லடையில் தங்கியவர்களில் ஒரு மாதம் மாத்திரை சாப்பிட்டும் ஏறாதவர்களுக்கு மட்டும் முழுப் பரிசோதனை எடுங்கள். அதில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இரும்புக் குறைபாடு. எம்சிவி-யை ஆர்பிசி, அதாவது சிவப்பணு, எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்து 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா (பரம்பரையாக வரும் ஒரு ரத்தக் குறைபாடு) மரபுக்கூறு இருக்கலாம் என்று சந்தேகப்படணும். அவர்களுக்கு வருஷக்கணக்கில் இரும்பைத் திணித்தாலும் ஏறாது. எம்சிவி 100-ஐத் தாண்டினால் பி12 அல்லது ஃபோலிக் குறைவு பக்கம் பார்க்கணும். இதெல்லாம் டாக்டர் முடிவு செய்வது, போஸ்டரில் போடாதீர்கள்.

அடுப்படி_பேராசிரியர் எழுதியது:

மேடம், பீட்ரூட்டையும் மாதுளையையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்பது நம் வீட்டுப் பாட்டி முதல் ஜூஸ் கடைப் பலகை வரை பரவிய நம்பிக்கை. இரண்டிலுமே 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் வேண்டும், ஆணுக்கு 19. மாதுளை விலைக்கு அதை எப்படி எட்டுவது?

உங்கள் பகுதியில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். கறிக்கடையில் கிடைக்கும் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், ஈரலைவிடப் பல மடங்கு இரும்பு உள்ளது. அந்த இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும் வகை. வாரம் ஒருமுறை, நன்றாக வேகவைத்து, மிளகு போட்டு. (காலேஜ் சுவரில் ஒட்டும் சுவரொட்டியைக் குறைத்து இந்தச் சுவரொட்டிக்குக் காசு செலவழிக்கலாம் என்பது என் சொந்தக் கருத்து.) ஈரலும் நல்லதுதான்.

கூழ் விஷயத்தில் ஒரு திருத்தம். "ரத்தத்துக்குக் கேழ்வரகு" என்பார்கள். கேழ்வரகின் பெருமை கால்சியம், 100 கிராமில் சுமார் 364 மில்லிகிராம். இரும்பு என்றால் கம்பு முந்தும், சுமார் 6.4 மில்லிகிராம், கேழ்வரகில் 4.6. ஆனால் தானியத்தில் உள்ள இரும்பு முழுதாகச் சேராது, அதில் இருக்கும் ஃபைட்டேட் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவைக் கரைத்துப் புளிக்கவைத்தால் அந்தப் பிடி தளரும். கூடவே மீன் இருந்தால் தானியத்தின் இரும்பும் கூடுதலாகச் சேரும். அதனால் ஆடியில் தெருமுனையில் ஊற்றுகிற புளித்த கம்பங்கூழும் நெத்திலியும் எந்த டயட் சார்ட்டையும் மிஞ்சும். கருவாடாக இருந்தால் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவாக. சைவப் பிள்ளைகளுக்கு: கம்பு, முளைகட்டிய பயறு, கீரை, கூடவே எலுமிச்சை பிழிந்தது அல்லது ஒரு நெல்லிக்காய். வைட்டமின் சி இல்லாத கீரைப் பொரியல் பாதி வீண்.

எல்லாவற்றையும் விட முக்கியம் டீ. சாப்பாட்டோடோ, மாத்திரையோடோ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். டீயை நிறுத்து என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், வடசென்னையில் அது நடக்காத காரியம். நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ. முதல் ஷிஃப்ட் பிள்ளைக்கு: 7 மணிக்கு வீட்டில் ரெண்டு இட்லி, 10.30 இடைவேளையில் டீ. இட்லிக்கு நேரமில்லை என்றால் கேன்டீனில் சுண்டல் வைக்கச் சொல்லுங்கள். கேன்டீன் காண்டிராக்டரைக் கூப்பிட்டு ஒரு தட்டு சுண்டல் வடை விலைக்கு மேல் போகக்கூடாது என்று பேசி முடிப்பது, ஒன்றரை மணி நேரப் பேச்சைவிடப் பயன் தரும்.

வகுப்பை 25 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒவ்வொருவரும் நேற்று காலை முதல் இரவு வரை சாப்பிட்டதைத் தாளில் எழுதட்டும், டீ குடித்த நேரத்தோடு. அதில் ஒரே ஒரு மாற்றத்தை அவர்களே தேர்ந்தெடுத்துக் கீழே எழுதட்டும். தாள் அவர்களிடமே இருக்கட்டும்.

பதிவேடு எழுதியது:

நான்காவது கேள்வி: சேர்க்காதீர்கள். ஐந்து தலைப்பு வைத்தால் ஐந்தும் ஃப்ளெக்ஸோடு போய்விடும். மனநலத்துக்கு இப்போதைக்கு ஒன்று செய்யலாம். ஒவ்வொருவருக்கும் ஹீமோகுளோபின் அளவை எழுதித் தரும் சீட்டின் பின்பக்கம் 14416 என்று பெரிதாக அச்சடியுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. ஆனால் ஒன்று கவனிக்கணும். எப்போதும் சோர்வு, தூக்கம் வரவில்லை என்று சொல்லும் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 13 இருந்தால் "உனக்கு ஒன்றுமில்லை போ" என்று அனுப்பக்கூடாது. அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேச ஒரு ஆசிரியர் தயாராக இருக்கணும்.

பின்தொடர்வதற்கு 100 தொண்டர்களும் வேண்டாம், 30 பேர் போதும். ஆளுக்கு 10 பேர், அதே துறை, அதே ஷிஃப்ட். வாரம் ஒருமுறை மூன்று கேள்வி: எத்தனை நாள் சாப்பிட்டாய், என்ன தொந்தரவு, ஸ்ட்ரிப் எத்தனை மிச்சம். காலி ஸ்ட்ரிப்பை எண்ணுவது போலீஸ் வேலை மாதிரி ஆகிவிடக்கூடாது. எண்ணினால் மாத்திரையைக் கொட்டிவிட்டுக் காலி அட்டை கொண்டுவருவார்கள்.

ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கினால் 90-வது நாள் அக்டோபர் நடுவில் வரும். மழை பிடிப்பதற்கும் நவம்பர் செமஸ்டர் தேர்வுக்கும் முன்னால் முடித்துவிடலாம். ஜனவரியில் தொடங்கினால் கடைசிச் சோதனை ஏப்ரல் தேர்வில் போய் முட்டும், யாரும் வரமாட்டார்கள். அதனால் ஜூலையை விடாதீர்கள்.

அறிக்கையில் "850 பேருக்குப் பரிசோதனை" என்பதைவிட, சோகை இருந்தவர்களில் எத்தனை பேர் 3 மாதம் முடித்தார்கள், எத்தனை பேர் 12-ஐத் தாண்டினார்கள் என்று எழுதுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. குறைவாக வந்தவர்களை மட்டும் மறுபடி அளந்தால், எதுவும் செய்யாவிட்டாலும் சராசரி கொஞ்சம் ஏறித் தெரியும், ஏனென்றால் முதல் அளவில் தவறிக் குறைந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். சரியாக இருந்தவர்களில் ஒரு 30 பேரையும் சேர்த்து அளந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். 18 ஆனவர்கள் தாங்களே சம்மதம் எழுதலாம், மறுக்கவும் உரிமை உண்டு. வருகைப்பதிவோடு இதை முடிச்சுப் போடாதீர்கள்.

வண்ணை_என்எஸ்எஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள், துறைவாரி, ஜூலை என்று மாற்றிவிட்டேன், கடிதத்தில் 18,000 மாத்திரை என்று எழுதப்போகிறேன். இரண்டு விஷயம் மிச்சம். ஆகஸ்டில் எங்கள் ரத்ததான முகாமும் இருக்கிறது, அதைத் தள்ளிப்போடணுமா? பசங்களை இதில் சேர்க்கத்தான் வேண்டுமா?

விரல்நுனி எழுதியது:

தள்ள வேண்டாம், இரண்டையும் இணையுங்கள். தானம் செய்ய ஆண், பெண் யாருக்கும் குறைந்தது 12.5 வேண்டும், எடை 45 கிலோ, வயது 18. ஜூலைப் பட்டியலில் 12.5-க்கு மேல் உள்ளவர்களை மட்டும் அழைத்தால் தான முகாமில் திருப்பி அனுப்பும் தலைவலி பாதி குறையும். அங்கேயும் மறுபடி பார்ப்பார்கள், அது அவர்கள் கடமை. பசங்களைக் கண்டிப்பாகச் சேருங்கள். வார்டு_அக்கா சொன்ன அதே 2019-21 கணக்கெடுப்பில் நாடு முழுக்க ஆண்களில் 25 சதவீதம் பேருக்குச் சோகை. புகைப்பவர்களுக்கு அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வார்டு_அக்கா எழுதியது:

ரெண்டாவது ஷிஃப்ட் பசங்க பாதிப் பேர் காலைல வேலைக்குப் போயிட்டு மதியம் சாப்பிடாமயே நேரா வருவாங்க. வரிசையில நிக்க வைக்காதீங்க, பெஞ்சு போடுங்க. குத்துறதுக்கு முன்னாடி தண்ணியும் ரெண்டு பிஸ்கட்டும். மயங்கினா தலையைத் தூக்காதீங்க, படுக்க வச்சுக் காலைத் தூக்குங்க.

அப்புறம் அந்தச் சீட்டு. சில இடத்துல குறைவா இருந்தா சிவப்புச் சீட்டு, சரியா இருந்தா பச்சைன்னு கொடுக்குறாங்க. கூடவே நோட்டீஸ் போர்டுல பேர்ப்பட்டியல். சிவப்புச் சீட்டு வாங்கின பொண்ணு மறுநாள் மருந்து வாங்க வராது. எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சீட்டு, நாலா மடிச்சு, கையில.